குழந்தைகளின் கட்டிலருகே கேலிச்சித்திரம்

அதிகாரத்தில் இருப்பவர்களின் மிடுக்கைக் குலைப்பதற்கென்று வளர்ந்த கலை கேலிச்சித்திரம். தலைவர்களின் மூக்கை நீட்டியும் தாடையை அகட்டியும் தொந்தியைப் பெருக்கியும் நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் பத்திரிகைகளில் இடம்பிடித்து வரும் இக்கலையை, நோயாலோ இழப்பாலோ துவண்டுபோன குழந்தைகளின் மனத்தைத் தேற்றுவதற்குக் கையாளும் தன்னார்வ ஓவியர்களும் உலகின் பல பகுதிகளில் இருக்கிறார்கள். மருத்துவமனையின் குழந்தைகள் வார்டிலோ காப்பகத்திலோ பேரிடர் முகாமிலோ ஒரு குழந்தையின் எதிரே அமர்ந்து, ஐந்தாறு நிமிடங்களில் அதன் முகத்தை வரைந்து, அந்தத் தாளை அதன் கையிலேயே கொடுத்துவிடும் இத்தொண்டு பார்ப்பதற்கு மிக எளிமையானது. ஆயினும் எதைப் பெரிதாக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று அந்தச் சில நிமிடங்களில் ஓவியர் எடுக்கும் முடிவைப் பொறுத்தே குழந்தை சிரிப்பதும் கூனிக்குறுகுவதும் அமைகின்றன. திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடி போன்ற சிற்றூரிலிருந்தும் தொடங்கக்கூடிய இத்தொண்டின் பின்னணி, செயல்முறை, கட்டுப்பாடு ஆகியவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

தாக்குவதற்கு வளர்ந்த கலை

ஒருவருடைய முகத்திலும் உடலிலும் அவருக்கே உரிய கூறுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை வேண்டுமென்றே பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வரைந்து, அதன் பிறகும் இவர் இன்னார் என்று பார்த்தவுடன் அடையாளம் காணும்படி அமைக்கும் உருவப்படமே கேலிச்சித்திரம். ஒரு நிகழ்ச்சியைப் பற்றித் தாம் சொல்ல விரும்பும் கருத்தை ஓவியர் படமாக்கினால் அது கருத்துப்படம். அதில் கேலிச்சித்திரம் ஒரு கருவியாகப் பயன்படலாம், பயன்படாமலும் போகலாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொலோனா நகரில் வாழ்ந்த அன்னிபாலே கராச்சியும் அவரைச் சேர்ந்த ஓவியர்களும் பொழுதுபோக்காக வரைந்த வேடிக்கை முகங்களிலிருந்து இக்கலையின் வரலாற்றைத் தொடங்குவது கலை வரலாற்றாசிரியர்களின் வழக்கம். அச்சுத்தொழில் பரவியபோது பொழுதுபோக்கு அரசியல் ஆயுதமாக மாறியது. 1831இல் பாரிஸ் பத்திரிகையாளர் சார்ல் பிலிப்பொன், மன்னர் லூயி பிலிப்பின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை வரைந்து காட்டினார். அதே மன்னரைப் பெருந்தீனிக்காரராக வரைந்ததற்காக ஒனோரே தோமியே 1832இல் சிறை சென்றார்.

தமிழில், பாரதியாரின் பொறுப்பில் 1906இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் கருத்துப்படங்களுக்கு முன்னோடியாக இடமளித்தது. அன்னிய ஆட்சியைச் சாடும் நோக்கம் அப்படங்களில் மேலோங்கி நின்றது. பின்னர் ஆனந்த விகடனில் 'மாலி' என்னும் பெயரில் வரைந்த டி.ஆர். மகாலிங்கம், அரசியல்வாதிகளோடு நில்லாமல் கர்நாடக இசைக் கலைஞர்களையும் கேலிச்சித்திரங்களாக வரைந்தபோது இக்கலை தமிழ்நாட்டில் வேறொரு குணத்தையும் பெற்றது. பாடகரின் கையசைவும் முகக்கோணலும் அவருடைய இசையை நேசிக்கும் ரசிகர்கள் ஏற்கெனவே கவனித்துத் தங்களுக்குள் பேசிச் சிரித்தவையாகவே இருந்தமையால், அப்படங்களில் இருந்த கேலியில் பகைமைக்கு இடமில்லை. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்று விகடனுக்கு வந்து, 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த படங்களால் வீடுதோறும் அறியப்பட்ட கோபுலு (1924–2015) இந்தப் பரிவான நகைச்சுவையை மேலும் வளர்த்தார். முதுமையில் பக்கவாதம் வலக்கையைப் பாதித்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டதும் அவருடைய வாழ்க்கையில் நினைவுகூரத்தக்க செய்தி.

இக்கலையைக் குழந்தைகளின் பக்கம் திருப்பிய இந்தியர்களில் முதலில் குறிப்பிடத்தக்கவர், கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த கே. சங்கர் பிள்ளை (1902–1989). 1948இல் 'சங்கர்ஸ் வீக்லி' என்னும் அரசியல் நையாண்டி இதழைத் தொடங்கி ஆட்சியாளர்களைத் தயவுதாட்சண்யமின்றி வரைந்த அவரே, 1949இல் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். 1957இல் 'சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட்' என்னும் பதிப்பகத்தை நிறுவினார். தில்லியில் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தையும் உருவாக்கினார். பெரியவர்களைக் குத்துவதற்குத் தேவைப்படும் அதே கூர்மையான பார்வை, குழந்தைகளை மகிழ்விப்பதற்கும் தேவைப்படுகிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கை போதிய சான்று.

அச்சு இதழ்கள் வருவதற்கு முன்பும் மிகைப்படுத்திய உருவத்தைக் கண்டு சிரிக்கும் பழக்கம் தமிழ்க் குழந்தைகளுக்கு இருந்தது. தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் தோன்றியவுடன், அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். ஊர் எல்லையில் அமர்ந்திருக்கும் அய்யனாரின் உருண்ட விழியும் முறுக்கிய மீசையும் மிகைப்படுத்தலே என்றாலும், அங்கே அது அச்சத்தையும் மதிப்பையும் உண்டாக்குகிறது. ஆகவே மிகைப்படுத்தல் என்பது தன்னளவில் இழிவும் இல்லை, உயர்வும் இல்லை. எந்தக் கூறு எந்த நோக்கத்துக்காகப் பெரிதாக்கப்படுகிறது என்பதே அதன் தன்மையை முடிவு செய்கிறது.

முகம் எவ்வாறு அடையாளமாகிறது

உள்ளபடி வரைந்த படத்தைவிட மாற்றி வரைந்த படம் ஒருவரை எளிதில் நினைவூட்டுவது ஏன் என்ற வினாவை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 1985இல் சூசன் பிரென்னன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், கணினியைக் கொண்டு கேலிச்சித்திரம் வரையும் முறையை வெளியிட்டார். பல முகங்களின் அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 'சராசரி முகம்' ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒருவருடைய முகம் அந்தச் சராசரியிலிருந்து எந்தெந்த இடங்களில் விலகுகிறதோ அந்த விலகல்களை மட்டும் மேலும் பெரிதாக்குவது அம்முறையின் சாரம். கிலியன் ரோட்ஸ் முதலியோர் பிரென்னனுடன் இணைந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமான மனிதர்களின் மிகைப்படுத்திய கோட்டோவியங்களை, உள்ளபடி வரைந்த கோட்டோவியங்களைவிட விரைவாக மக்கள் அடையாளம் காண்பதைக் காட்டியது. ஒரு முகத்தில் மற்றவர்களிடம் இல்லாதது எதுவோ அதையே மனித மூளை முதன்மையாகப் பதிந்துவைத்துக்கொள்கிறது என்பது இதிலிருந்து பெறப்படும் விளக்கம்.

இந்த விதியைக் குழந்தைகளிடம் அப்படியே பொருத்த முடியாது. அகன்ற நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், சிறிய மூக்கு, உருண்ட கன்னம், ஒடுங்கிய தாடை ஆகியவை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொதுவானவை. விலங்கு நடத்தையியல் அறிஞர் கான்ராட் லாரன்ஸ் 1943இல் இத்தொகுதியைத்தான் பெரியவர்களிடம் பரிவைத் தூண்டும் 'குழவி வடிவம்' என்று வகுத்துச் சொன்னார். பெரியவரின் முகத்தில் காலம் கீறிய கோடுகளைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும் ஓவியர், இன்னும் கோடு விழாத முகத்தின் முன் திகைக்கிறார். எனவே குழந்தைகளை வரைபவர், எலும்பமைப்பை விட்டுவிட்டு வேறிடங்களில் அடையாளத்தைத் தேடுகிறார்: எண்ணெய் வைத்துப் படிய வாரியும் அடங்காமல் உச்சியில் நிற்கும் ஒரு கொத்து முடி, விழுந்த முன்பல்லின் இடைவெளி, சிரிக்கும்போது மட்டும் இடுங்கும் கண், ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, எதையும் நம்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும் பார்வை. இவற்றில் பெரும்பாலானவை குழந்தையின் உடற்குறையோடு தொடர்பில்லாதவை என்பதால், இந்தக் கட்டாயமே ஓவியருக்குப் பாதுகாப்பாகவும் அமைந்துவிடுகிறது.

படைவீரர் மருத்துவமனையிலிருந்து குழந்தைகள் வார்டு வரை

நோயாளிகளிடம் சென்று தன்னார்வமாக வரையும் பழக்கத்துக்கு அமெரிக்காவில் தெளிவான முன்வரலாறு உண்டு. பார்வையாளர்களின் முன் கரும்பலகையிலோ பெரிய தாளிலோ பேச்சோடு பேச்சாகப் படம் வரைந்து காட்டுவதை அங்கே 'சாக் டாக்' என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்சர் மெக்கே போன்ற புகழ்பெற்ற சித்திரக்காரர்கள் அதை மேடைக் கலையாகவே நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்று மருத்துவமனைகளில் கிடந்த படைவீரர்களுக்கு இவ்வாறு வரைந்து காட்டுவதற்காகச் சித்திரக்காரர்கள் குழுவாகச் சென்றார்கள். அந்தப் பயணங்களில் ஏற்பட்ட நட்பின் தொடர்ச்சியாக 1946இல் தேசியச் சித்திரக்காரர்கள் சங்கம் அமெரிக்காவில் உருவாயிற்று. ரூப் கோல்ட்பெர்க் அதன் முதல் தலைவர். ஒரு தொழிற்சங்கத்தையொத்த அமைப்பு, கூலிக்கான பேச்சுவார்த்தையில் தொடங்காமல் நோயாளிகளின் கட்டிலருகே செய்த தொண்டிலிருந்து முளைத்தது என்பது கருதத்தக்கது.

இங்கிலாந்தில் 1938இல் காசநோய்க்காகச் சிகிச்சை பெற்றுவந்த ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர், படுக்கையில் இருந்தபடியே வரைவது தம் மனத்தைத் தேற்றுவதை உணர்ந்து, உடனிருந்த நோயாளிகளுக்கும் அதைப் பழக்கினார். 'கலைவழிச் சிகிச்சை' என்னும் கருத்துக்கு 1942இல் பெயரிட்டவரும் அவரே. இன்று கலைவழிச் சிகிச்சை என்பது பயிற்சியும் தகுதியும் பெற்றவர்கள், நோயாளியை வரையச் செய்து அதன் வழியாக அவருடைய மனநிலையைக் கையாளும் தனித் துறை. கேலிச்சித்திரத் தன்னார்வலர் செய்வது அந்தச் சிகிச்சை இல்லை; அவர் நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளவும் கூடாது. ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே குழந்தைக்குக் கிடைக்கும் ஓர் இனிய நேரத்தை உண்டாக்குவது மட்டுமே அவருடைய பணி.

அந்த நேரத்துக்கு மதிப்பு உண்டா என்பதை ஆராய்வதற்கு, இதற்கு நெருங்கிய உறவுடைய மருத்துவமனைக் கோமாளிகளைப் பற்றிய ஆய்வுகள் உதவுகின்றன. 1986இல் நியூயார்க்கின் பிக் ஆப்பிள் சர்க்கஸைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன் தொடங்கிய திட்டம் பல நாடுகளுக்குப் பரவியது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் 'தி லிட்டில் தியேட்டர்' நாடகக் குழுவினர் இவ்வகைக் கோமாளிகளாகப் பணியாற்றியிருக்கிறார்கள். இத்தாலியில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 5 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், கோமாளிகள் உடனிருந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் கட்டத்தில் பதற்றம் குறைவாக இருந்தது தெரியவந்தது. ஆனால் அதே ஆய்வு, அறுவைக் கூடத்தின் வேலைக்கு இடையூறாக இருக்கிறது என்று கருதி, ஊழியர்களில் பெரும்பாலோர் கோமாளிகளின் வருகையைத் தொடர விரும்பவில்லை என்பதையும் பதிவு செய்தது. குழந்தைக்கு நன்மை தருவது மட்டும் போதாது, செவிலியரின் வேலைக்குக் குறுக்கே நிற்காமலும் இருக்க வேண்டும் என்னும் பாடத்தை இத்தகைய தொண்டில் இறங்குபவர்கள் அங்கிருந்து பெற்றுக்கொள்ளலாம். கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோய்த் தடுப்பிலும் நோயாளிப் பராமரிப்பிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்ற முடிவுக்கு வந்தது.

நோயைத் தவிர வேறு துயரங்களும் குழந்தைகளை வாட்டுகின்றன. ஈழப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா', போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் குழந்தைகளை ஒன்றாக அழைத்து, ஓவியம், களிமண், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியாக அவர்களைத் தேற்ற முயன்றது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதை உருவாக்குவதில் முன்னின்றார்கள். தமிழ்பேசும் மண்ணில் கலையைக் குழந்தைகளின் மனக்காயத்துக்கு மருந்தாகத் தொடர்ந்து கையாண்ட முயற்சிகளில் அது தலையாயது.

கட்டிலருகே ஐந்து நிமிடம்

வார்டில் குழந்தையின் பொழுது பிறருடைய கட்டளைகளால் ஆனது. கையை நீட்டு, வாயைத் திற, அசையாதே, தண்ணீர் குடிக்காதே என்று காலைமுதல் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தையை, அங்கு வருவோர் எல்லாரும் காய்ச்சல், இரத்த எண்ணிக்கை, டிரிப் பாட்டில் ஆகியவற்றுக்காகவே பார்க்கிறார்கள். இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள்கூட நீள்வதும், தலசீமியா என்னும் பிறவி இரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதும் கருதிப் பார்த்தால், இவ்வாறு நோயாளியாக மட்டுமே பார்க்கப்படுவது சில குழந்தைகளுக்கு இளமைப் பருவத்தின் பெரும்பகுதியாகவே ஆகிவிடுகிறது என்பது விளங்கும். அங்கே ஒருவர் வந்து உட்கார்ந்து, ஊசி எதுவும் இல்லாமல், அந்தக் குழந்தையின் முகத்தை அதற்காகவே ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பது புதுமையான நிகழ்ச்சி. படம் எவ்வளவு நன்றாக அமைகிறது என்பதைவிட, இந்தப் பார்வையே தொண்டின் பெரும்பகுதி.

நடைமுறை வருமாறு அமைகிறது. பொறுப்புச் செவிலியரிடம் சென்று எந்தக் கட்டிலுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று முதலில் கேட்டறிய வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், தாயின் அனுமதியும் குழந்தையின் சம்மதமும் பெற்று, குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்கார வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, வார்டில் வேறெதற்கும் இல்லாத குழந்தைக்கு இங்கே இருக்கிறது. அது தலையை ஆட்டி மறுத்துவிட்டால் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதே முறை. ஒரு பரீட்சை அட்டை, அதில் செருகிய வெள்ளைத்தாள், 6பி பென்சில், ஒரு கறுப்புப் பிரஷ் பேனா, நாலைந்து கலர் பென்சில்கள் என்பதற்கு மேல் கருவிகள் தேவையில்லை. முதல் கோடு விழுவதற்கு முன் கேட்கப்படும் ஒரே ஒரு கேள்விதான் படத்தின் போக்கை முடிவு செய்யும்.

"தம்பி, பெரியவனானா என்ன வண்டி ஓட்டுவ?" என்று கேட்டால், "ஜேசிபி!" என்று விடை வரலாம். அவ்வளவுதான்: உச்சியில் நிற்கும் முடிக்கொத்தும் விழுந்த பல்லின் இடைவெளியும் கொண்ட ஒரு பெரிய தலை, மிகச் சிறிய உடல், அந்த உடலைவிடப் பத்து மடங்கு பெரிய மஞ்சள் நிற ஜேசிபி, அதன் வாளியில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஊசி என்று படம் வளர்கிறது. குழந்தை தன்னைக் காண்பதோடு, தன்னை அச்சுறுத்துவதைத் தான் அள்ளிக்கொண்டு போவதையும் அதில் காண்கிறது. வரையும்போது தாளைக் குழந்தையிடமிருந்து மறைக்காமல் அதன் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கோடும் எங்கே போகிறது என்று பார்ப்பதிலேயே அதன் கவனம் நின்றுவிடும். முடித்தவுடன் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பதை எந்தக் குழந்தையும் மறுப்பதில்லை. குழந்தையைப் படம் பிடித்தால் கண்பட்டுவிடும் என்று அஞ்சும் பாட்டிமார் உடனிருந்தால், படத்தின் கன்னத்திலும் ஒரு திருஷ்டிப் பொட்டை வைத்துவிட்டால் அவர்களுடைய அச்சமும் தீரும், சிரிப்பும் வரும்.

பென்சிலைக் குழந்தையிடமே கொடுத்து, "இப்போ நீ என்னை வரை பாப்பா" என்று ஓவியர் முகத்தைக் காட்டுவது இத்தொண்டின் சிறந்த பகுதி. தன்னை வரைந்தவரின் மூக்கைத் தான் விரும்பிய அளவுக்கு நீட்டும் உரிமை கிடைத்தவுடன், அதுவரை கட்டளைகளுக்குப் பணிந்து கிடந்த குழந்தை கட்டளையிடும் இடத்துக்கு வருகிறது. ஆட்சியாளரைச் சாமானியன் மட்டம் தட்டும் கலையாகக் கேலிச்சித்திரம் வளர்ந்தது என்பதை நினைத்தால், பெரியவரைக் குழந்தை கேலியாக வரைவதுதான் அந்தக் கலையின் இயல்புக்கு முற்றிலும் பொருந்தியது.

தொடக்கூடாத இடங்கள்

பெரியவர்களைக் கேலியாக வரைவதில் தேர்ந்தவர் குழந்தைகளிடமும் தேர்ந்தவராக இருப்பார் என்று சொல்ல முடியாது. உடலின் நிறம், பருமன், தெற்றுப்பல், மாறுகண், வழுக்கை ஆகியவற்றை இழித்துச் சிரிப்பதைத் தமிழ்த் திரைப்படங்களின் நகைச்சுவைக் காட்சிகள் நீண்ட காலம் வழக்கமாக்கிவைத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர்களும் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கின்றன. ஓவியரின் கையும் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தது என்பதால், அதை முதலில் அவர் மறக்க வேண்டும். நோயும் சிகிச்சையும் குழந்தையின் உடலில் உண்டாக்கிய எதையும், குழந்தையே கேட்டாலன்றி, தொடக் கூடாது என்பது அடிப்படை விதி. மருந்தால் முடி கொட்டிய குழந்தையிடம், "தலையில என்ன வைக்கலாம், கிரீடமா, தொப்பியா, அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்டு, அது சொன்னபடி வரைய வேண்டும். கண்ணாடி அணிந்ததற்காக 'சோடாபுட்டி' என்று பள்ளியில் அழைக்கப்படும் குழந்தைக்கு, அந்தக் கண்ணாடியையே வீரனின் ஆயுதமாக வரைந்து கொடுப்பது ஏற்புடையதாக இருக்கலாம். ஆனால் அக்குழந்தை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தால், அதைக் கழற்றிய முகத்தையே வரைவதுதான் மரியாதை.

வயதும் கருதத்தக்கது. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று குழந்தை உணரத் தொடங்குவது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள். அதற்கும் சிறிய குழந்தைக்குத் தன் கேலிச்சித்திரத்தைவிடப் பூனைக்குட்டியின் படமே இனிமை தரும். பதின்ம வயதினருக்கோ தம் முகத்தைப் பற்றிய கூச்சம் மிகுதி. அவர்களிடம் மிகைப்படுத்தலைக் குறைத்து, விருப்பமான விளையாட்டையோ வாகனத்தையோ பெரிதாக்குவது நலம்.

தூய்மை தொடர்பான கட்டுப்பாடு விட்டுக்கொடுக்க முடியாதது. புற்றுநோய் மருந்து பெறும் குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்து எளிதில் தொற்று ஏற்படும் நிலை வருவதால், சளியோ காய்ச்சலோ உள்ள தன்னார்வலர் அன்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். ஒரு குழந்தை பிடித்த பென்சிலைத் துடைக்காமல் மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. நெடியடிக்கும் மார்க்கர்களைத் தவிர்க்க வேண்டும்.

சட்டம் விதிக்கும் கட்டுப்பாடும் உண்டு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, உருவப்படம் ஆகிய அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காப்பகத்துக் குழந்தையோடு சேர்ந்து நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலாக வைப்பது தன்னார்வலருக்குச் சிறு பெருமையாகத் தோன்றினாலும், அது அந்தக் குழந்தைக்கு இழைக்கும் தீங்கு. வரைந்த படம் குழந்தைக்கே உரியது. அதன் நகலை ஓவியர் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்ல மரபு. குழந்தையோடு தனித்திருக்காமல், எப்போதும் தாயோ செவிலியரோ காப்பாளரோ பார்க்கும் இடத்தில் அமர்ந்தே வரைய வேண்டும் என்பதும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நினைவூட்டும் பாதுகாப்பு உணர்வோடு ஒட்டிய கட்டுப்பாடு.

கன்னிவாடியிலிருந்து தொடங்கினால்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள கன்னிவாடி, முன்னாளில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்து இப்போது பேரூராட்சியாக விளங்குகிறது. வேளாண்மையை நம்பிய இச்சுற்றுவட்டாரத்தில் குழந்தைக்குப் பெரிய நோய் வந்தால், குடும்பம் திண்டுக்கல்லுக்கோ அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ போக நேர்கிறது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு அந்த நகரத்தின் மருத்துவ முக்கியத்துவம் கூடியிருக்கிறது. தாய் குழந்தையுடன் வார்டில் தங்க, தந்தை கூலிவேலைக்கும் மருத்துவமனைக்கும் இடையே அலைய, உடன்பிறந்த பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் இருக்க நேரும் குடும்பங்களில், வார்டில் கிடக்கும் குழந்தை மட்டுமின்றி ஊரில் இருக்கும் குழந்தையும் வாடிப்போகிறது. எனவே இத்தொண்டுக்கு மருத்துவமனை ஒரு முனை என்றால், ஊர்ப் பள்ளியும் அங்கன்வாடியும் மற்றொரு முனை.

வரையத் தெரிந்த கைகளுக்குச் சிற்றூர்களில் பஞ்சமில்லை. ஓவியம், உடற்கல்வி, வாழ்க்கைத்திறன் பாடங்களுக்காகத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஓவியம் கற்பிப்பவர்கள் சிற்றூர்ப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். பிளெக்ஸ் பலகைகள் வந்தபின் வேலை குறைந்த சுவர் விளம்பர ஓவியர்கள், நாலே கோட்டில் முகத்தைப் பிடித்துவிடும் பழக்கம் உடையவர்கள். மாலை நேரத்தில் குழந்தைகளோடு அமர்ந்து பழகும் அனுபவமும் ஊர்களில் இருக்கிறது: கொரோனாக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்வதற்காக 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், ஊர்தோறும் தன்னார்வலர்களை, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகளின் முன் அமர்த்தியது. தொண்டு என்பதை முறையான பயிற்சியோடும் நிறுவன ஒழுங்கோடும் இணைத்த மரபுக்கும் இம்மாவட்டம் பெயர்பெற்றது; டாக்டர் டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே நிறுவிய காந்திகிராமம் அதற்குச் சான்றாக நிற்கிறது.

தொடங்குவதற்கு வேண்டியவை சில. மூன்று நான்கு பேர் கொண்ட குழு முதலில் ஊர்ப் பள்ளியில், தலைமையாசிரியரின் அனுமதியோடு, நலமாக உள்ள குழந்தைகளை வரைந்து பழக வேண்டும். எந்தக் கோட்டுக்குக் குழந்தை சிரிக்கிறது, எந்தக் கோட்டுக்கு முகம் வாடுகிறது என்பது அங்கேதான் தெரியவரும். மருத்துவமனைக்குப் போவதென்றால் மருத்துவக் கண்காணிப்பாளரிடமும், காப்பகத்துக்குப் போவதென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் எழுத்து மூலமாக அனுமதி பெற வேண்டும். குழந்தை ஏதேனும் கொடுமையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னால், அதைத் தாமே விசாரிக்கப் புகாமல், பொறுப்பாளருக்கும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் தெரிவிப்பது ஒவ்வொரு தன்னார்வலரின் கடமை. இவை எல்லாவற்றையும்விடத் தவறாமல் போவது முக்கியம். பிறந்தநாளுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று வந்து போகும் பெருங்கூட்டத்தைவிட, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் தவறாமல் வரும் ஒருவரையே குழந்தைகள் எதிர்பார்க்கிறார்கள்.

தாளும் பென்சிலும் சேர்த்து ஒரு நாள் தொண்டுக்கு ஆகும் செலவு, ஒரு மாலைநேரத் தேநீர்க் கூட்டத்தின் செலவைவிடக் குறைவு. வரையத் தெரிந்தும் அதை வெறும் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் இவ்வூரிலும் இதையொத்த ஊர்களிலும் இருப்பார்கள். அவர்கள் செய்ய வேண்டியது, தம் பகுதி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு ஓர் அனுமதிக் கடிதம் எழுதுவதும், அனுமதி கிடைத்த நாளில் கையைக் கழுவிக்கொண்டு சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவதும்தான்.